அக்கா காலி செய்த நகரம்

செய்தி வந்தபோது காலை மணி பதினொன்று நாற்பது. லிஃப்ட் ஓடாத ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில், இருபது லிட்டர் தண்ணீர் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு ஒரு வீட்டின் முன் அவன் நின்றிருந்தான். சுமக்கிற ஆள் அன்று வரவில்லை என்பதால் முதலாளியான அவனே ஏறியிருந்தான். சட்டைப் பையில் ஃபோன் துடித்தது. எடுத்துப் பார்த்தால் மாமா. அக்காவின் கணவர் அவனைக் கூப்பிட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது.

"அவசரம்..." என்றார். "அக்கா போயிட்டாடா."

அவன் அசையவில்லை. கேனுக்குள் இருந்த தண்ணீர் மட்டும் அவன் காதருகே லேசாகப் புரண்டு அடங்கியது. கதவைத் திறந்த பெண்மணி, "உள்ள வச்சிடுங்க," என்றாள். வைத்தான். காலி கேனைக் கேட்டு வாங்கிக்கொண்டான். காலி கேனை வாங்காமல் படி இறங்கக் கூடாது என்பது அக்கா போட்ட சட்டம். அவளோடு பேசாத மூன்று வருஷத்திலும் அவன் அதை மீறியதில்லை.

ரயில்வே கேட்டில்தான் நடந்ததாம். அவள் வண்டியை மீசை ஓட்டிக்கொண்டிருந்தார். அவளிடம் இருபது வருஷமாக இருக்கும் டிரைவர். கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் நீளமாகப் போனது. பக்கத்து சீட்டில் அக்கா ஜன்னலில் தலை சாய்த்து, பெட்டிகளை எண்ணுவது போல உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். "கேட் தொறந்துட்டாங்கக்கா," என்றார் மீசை. அவள் பதில் சொல்லவில்லை. பின்னால் நின்ற வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்தபோதுதான் அவர் திரும்பிப் பார்த்தார்.

அந்தத் தண்டவாளம்தான் அக்காவுக்கும் தம்பிக்கும் எல்லை. மேற்கே தண்ணீர் போடும் தெருக்கள் அவளுடையவை. கிழக்கே பத்தொன்பது தெருக்கள் அவனுடையவை.

அவனுக்கு அவசரம் என்று பெயர் வைத்தது அவள்தான். முப்பதை எட்டாத வயதில் இருவரும் சேர்ந்து ஒரு மோட்டார் ரூமை வாடகைக்குப் பிடித்து, தண்ணீரைச் சுத்திகரித்து, கேனில் அடைத்து விற்கத் தொடங்கினார்கள். ரசீது போடுவதற்காக ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கினார்கள். அதை முன்பு வைத்திருந்தவர் ஒரு விளையாட்டை அழிக்காமல் விட்டிருந்தார். ராஜ்ஜியம் கட்டும் விளையாட்டு. முதலில் வரைபடம் முழுக்க இருட்டாக இருக்கும். ஒரு நகரமும், ஒரு ஒற்றனும், ஒரு வீரனும் கையில் கொடுப்பார்கள். ஒற்றன் நடக்க நடக்க இருட்டு விலகி, ஆறும் காடும் மலையும் மெதுவாக வெளியே வரும். ஒருவர் தன் வேலைகளைச் செய்து முடித்தால் மற்றவருக்கு முறை போகும். தண்ணீர் நிரம்பும் நேரத்தில் சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று ஆரம்பித்தார்கள்.

அவன் எப்போதும் முதலில் படையைத்தான் அனுப்புவான். அவள் ஒற்றனை அனுப்பிவிட்டுக் கன்னத்தில் கை வைத்துக்கொள்வாள். "ஏன்டா இப்படிப் பறக்கற? அந்தப் பக்கம் கடலா இருந்தா உன் குதிரை நீந்துமா?" முதல் ஏழு ஆட்டத்திலும் அவள்தான் தோற்றாள். அவன் அவளை மகாராணி என்று கூப்பிட்டு மானத்தை வாங்கினான். எட்டாவது ஆட்டத்தில் அவளுடைய நகரம் ஒன்று வாசல் திறந்து, உள்ளே ஒரு வீரன்கூட இல்லாமல் கிடந்தது. அவன் மொத்தப் படையோடு உள்ளே பாய்ந்தான். வெளியே இருட்டில் நின்ற அவள் ஆட்கள் நாலு பக்கமும் வளைத்துக்கொண்டார்கள். அவள் ஒரு மாதம் சிரித்தாள். "காலி ஊருக்குள்ள ஓடி வந்து மாட்டினியே அவசரம்" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னாள். பெயர் ஒட்டிக்கொண்டது. வாடிக்கையாளர்கள்கூட, "அவசரம் இன்னும் வரலையே" என்று ஃபோன் செய்வார்கள்.

விளையாட்டு எப்போது தொழிலுக்குள் நுழைந்தது என்று இருவருக்கும் தெரியாது. ஒரு புதுத் தெருவைப் பிடிப்பதற்கு முன்னால் அக்கா ஒரு வாரம் அங்கே வெறுங்கையோடு நடப்பாள். எத்தனை மாடி, எதில் லிஃப்ட் இல்லை, எந்த வீட்டு வாசலில் காலி கேன் வெயிலில் காய்கிறது என்று பார்த்துக்கொண்டே போவாள். "இருட்டு தொறக்கறேன்," என்பாள். நிறைந்த கேனைக் கொண்டுபோய் வைப்பது பெரிய காரியமில்லை, காலி கேன் திரும்பி வருகிற தூரம்வரைக்கும்தான் ராஜ்ஜியம் என்று அவள் கண்டுபிடித்ததும் விளையாட்டில் ஒரு தூரத்து நகரம் பட்டினியில் விழுந்த அன்றுதான். அந்த வாரமே ஊர்க்கோடியில் இருந்த இரண்டு தெருக்களை விட்டுவிட்டாள். சாயங்காலம் ஷட்டரை இறக்கும்போது, "முறை முடிஞ்சுது," என்பாள். அதன்பிறகு பூமி புரண்டாலும் தொழில் பேச மாட்டாள். அவள் அளவுக்கு நிம்மதியாகத் தூங்கிய முதலாளியை மாமா பார்த்ததில்லையாம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை, கிழக்குத் தெருக்களில் ஓடிய மூன்று வண்டிகளும் மேற்கே திரும்பி வந்துவிட்டன. மீசையும் மற்ற இரண்டு டிரைவர்களும் மோட்டார் ரூம் வாசலில் நின்றார்கள்.

"கிழக்குப் பக்கம் இனி உன்னுது," என்றாள் அக்கா. "நீயே பாத்துக்கோ."

"வண்டி?"

"உன் வண்டி வச்சுக்கோ. உன் ஆளுங்கள வச்சுக்கோ."

"எல்லாத்தையும் எடுத்துட்டு வெறுந்தெருவ என் தலையில கட்டறியா?"

"தெரு வெறுசா இருந்தாத்தான்டா உன்னுது."

"காலி ஊரு," என்றான் அவன். "எனக்குத் தெரியாதா உன் வேலை? நான் உள்ள போய் அடிபட்டதும் சுத்தி வளைச்சு வாங்கிப்ப."

அக்கா அவனையே பார்த்தாள். பிறகு ஷட்டரைப் பிடித்து இறக்கினாள். மணி அப்போது மத்தியானம் மூன்றுதான்.

முதல் நான்கு மாதம் அவன் வாடகை வண்டியில், தோள் தடித்துப்போகச் சுமந்தான். பிறகு தட்டுத்தடுமாறி எழுந்தான். இரண்டு வண்டி, ஐந்து ஆள். அக்கா எல்லை தாண்டி வரவுமில்லை, சுற்றி வளைக்கவுமில்லை. ஆனால் அவள் தன்னைக் கழித்துக்கட்டினாளா, தனக்குக் கொடுத்தாளா என்ற கேள்வி மட்டும் செருப்பில் ஏறிய கல் போல அவனோடு நடந்தது. கேட்டுத் தெரிந்துகொள்ள ரோஷம் விடவில்லை.

விளையாட்டு மட்டும் நிற்கவில்லை. இப்போது அது ஃபோனுக்கு வந்துவிட்டது. ஒரு நாளைக்கு ஒரு முறை. விடிகாலை ஐந்து பத்துக்கு அவள் முறையை முடிப்பாள். அவன் ஐந்தரைக்குள் முடிப்பான். ஒரு வார்த்தை கிடையாது. ஆனால் அவளுக்குக் காய்ச்சல் வந்தால் அவனுக்குத் தெரியும், அன்று முறை எட்டு மணிக்கு வரும். அவன் வண்டி கெட்டுப்போன நாள் அவளுக்கும் தெரிந்திருக்கும்.

அவள் சாவதற்கு ஆறு நாள் முன்பு அவளிடமிருந்து ஒரு ஓலை வந்திருந்தது. விளையாட்டில் ராஜாக்கள் ஒருவருக்கொருவர் அனுப்பும் ஓலை. தருவது: மோட்டார் ரூம். கேட்பது: ஒன்றுமில்லை. மோட்டார் ரூம் என்பது அவள் தன் முதல் நகரத்துக்கு வைத்திருந்த பெயர். அவன் ஒற்றனை அனுப்பினான். வாசல் திறந்து கிடந்தது. உள்ளே ஒரு வீரன்கூட இல்லை. ஒற்றன் வந்த வழியைத் தவிர வெளியே ஒரே இருட்டு.

மறுபடியுமா என்று நினைத்தான். ஓலைக்குப் பதில் போடவில்லை, முறையையும் முடிக்கவில்லை. அவசரம் என்று பெயரெடுத்தவன் வாழ்க்கையில் முதல் தடவையாக நிதானமாக யோசிக்கலாம் என்று உட்கார்ந்தான். ஒவ்வொரு நாள் விடிகாலையும் அந்தப் பக்கம் அவள் காத்திருந்திருப்பாள்.

தகனமெல்லாம் முடிந்து, அவள் இறந்த நாலாம் நாள் மோட்டார் ரூமில் அவனும் மாமாவும் மீசையும் உட்கார்ந்திருந்தார்கள். மாமா கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். தண்ணீர்த் தொழிலில் அவருக்குத் தெரிந்தது குடிப்பது ஒன்றுதான் என்று அக்கா கேலி செய்வாள். அடுக்கி வைத்த நீலக் கேன்களின் வழியாக வெயில் நுழைந்து, மூவரின் முகத்திலும் ஏரிக்கு அடியில் இருப்பது போல அசைந்துகொண்டிருந்தது.

"நீ எடுத்துக்கிட்டா ஓடட்டும்," என்றார் மாமா. "இல்லன்னா நிறுத்திடறேன். நாளைக்கு வண்டி கிளம்பணுமா வேண்டாமான்னு காலைல ஆறு மணிக்குள்ள சொல்லு."

"என்கிட்ட ஏன் மாமா? என்னை வேண்டாம்னு ஒதுக்கினவ அவ."

மீசை தொண்டையைச் செருமினார். "அப்படி இல்ல தம்பி. என்னைக் கிழக்கேருந்து எடுத்தப்ப நானும் சண்டை போட்டேன். 'நீங்க அங்க இருந்தா ஒவ்வொண்ணுக்கும் என்கிட்டதான் ஓடி வருவீங்க, அவன் பேச்ச எவன் கேப்பான்'னாங்க."

"அத அவ என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"நீங்க எங்க நின்னு கேட்டீங்க? பேரே அவசரம்."

மாமா சிரித்தேவிட்டார். சிரித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவனும் சிரித்தான். ஆனால் நம்பவில்லை. செத்தவர்களை எல்லோரும் நல்லவர்களாக்கத்தான் செய்வார்கள்.

மறுநாள் விடிகாலை ஐந்து பத்துக்கு அவன் தன் கிடங்கில் கேன்களுக்கு நடுவே உட்கார்ந்து ஃபோனைத் திறந்தான். உன் முறை என்று காட்டியது. பத்து நாளாக அதையேதான் காட்டிக்கொண்டிருந்தது. அவள் ஓலையும் அப்படியே இருந்தது.

சரி, பதிலுக்குத் தானும் ஒன்று கொடுத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. இத்தனை வருஷத்தில் அவன் நகரங்களைப் பிடித்திருக்கிறான், இழந்திருக்கிறான். கொடுத்ததே இல்லை. தன் முதல் நகரத்தைத் தேர்ந்தெடுத்தான். கேன் சுமந்த கோபத்தில் அதற்கு மாடிப்படி என்று பெயர் வைத்திருந்தான். கொடு என்ற இடத்தைத் தொட்டான். அதற்கு முன் அவன் பார்த்தேயிராத ஒரு சின்னப் பெட்டி திறந்தது.

இந்த நகரத்துக்குள் மூன்று வீரர்கள் உள்ளனர். நகரத்தைக் கொடுத்தால் அவர்கள் கலைந்துவிடுவார்கள். முதலில் வெளியேற்றவும்.

இரண்டாம் தடவை படித்தான். கொடுக்கிறவர்கள் காலி செய்துவிட்டுத்தான் கொடுக்க முடியும். இருபது வருஷம் விளையாடியும் கொடுத்துப் பார்க்காதவனுக்குத் தெரிய வழியில்லாத விதி அது. அந்தத் திங்கட்கிழமை மோட்டார் ரூம் வாசலில் நின்ற மூன்று வண்டிகளும் அவன் கண் முன்னால் வந்து நின்றன.

வேண்டாம் என்று தொட்டுவிட்டு அவள் ஓலைக்குப் போனான். ஏற்கிறேன் என்பதைத் தொட்டான்.

மோட்டார் ரூம் அவன் நிறத்துக்கு மாறியது. அதைச் சுற்றியிருந்த இருட்டு, தண்ணீரில் பால் கலப்பது போல, ஓரத்திலிருந்து மெதுவாகக் கரைந்தது. ஆறு வந்தது. ஆற்றங்கரையில் அவள் போட்ட வயல்கள் வந்தன. வயல்களைத் தாண்டி, நகரத்துக்கு வடக்கே ஒரு பெரிய அரைவட்டமாக, அவளுடைய வீரர்கள் நின்றிருந்தார்கள். எண்ணினான், பதினோரு பேர். எல்லோரும் நகரத்துக்கு முதுகைக் காட்டி, வடக்கே விளையாட்டே தானாக ஆளும் எதிரி நாட்டைப் பார்த்துக் காவல் நின்றார்கள். ஒருவன்கூட அவன் பக்கம் திரும்பியிருக்கவில்லை. அவர்களுடைய சின்னக் கொடிகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. கிடங்கின் ஜன்னலில் வெளுப்பு ஏறி, கேன்களுக்குள் ஒவ்வொன்றாக நீலம் விழித்தது. எது ஃபோனின் வெளிச்சம், எது விடியல் என்று பிரித்தறிய முடியாமல் அவன் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தான்.

ஐந்து ஐம்பதுக்கு மாமாவைக் கூப்பிட்டான்.

"வண்டி கிளம்பட்டும் மாமா. அக்கா ஆளுங்களே ஓட்டட்டும், மீசை பாத்துக்கட்டும். நான் என் ஆளு ஒருத்தனையும் உள்ள விட மாட்டேன்."

"அப்ப நீ என்னடா பண்ணுவ?"

"வெளிய நிப்பேன். எதாவது வந்தா நான் பாத்துக்கறேன்."

மாமாவுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. "டீயாவது குடிச்சியா?" என்று கேட்டார். குடிக்கிறேன் என்றான்.

ஃபோனை வைத்துவிட்டு மறுபடியும் விளையாட்டைத் திறந்தான். மாடிப்படியை அவளுக்குக் கொடுக்க வேண்டும். ஒரு வீரனை வெளியே நடத்தி வயலில் நிறுத்தினான். இரண்டாமவனை ஆற்றங்கரையில் நிறுத்தினான். இருவரையும் வெளிப்புறம் பார்க்க வைத்தான். மூன்றாமவன் நகரவில்லை. அவனை முன்பே நகரத்துச் சுவரைச் செப்பனிடப் போட்டிருந்தான். வேலை முடியும்வரை வெளியேற முடியாது. அது முடியாமல் ஓலை அனுப்ப முடியாது.

முறையை முடித்தான். அக்காவின் முறை என்று காட்டியது. அவள் முடித்தால்தான் முறை அவனுக்குத் திரும்பும். சுவர் வேலை முடிய இன்னும் ஒரு முறை பாக்கி இருக்கிறது.