இலை வைக்காத பலகை

நான் தாள் ஒட்டி அலங்கரித்த, கேக் வைக்கும் பலகைகளில் ஒன்றுகூட இப்போது இல்லை. கடைசியாகச் செய்ததை நானே வெந்நீர் அடுப்பில் வைத்து எரித்தேன். யுத்தம் தொடங்குவதற்குச் சில வருஷங்களுக்கு முந்திய ஓர் ஆடி மாதம் அது. அதைப் பற்றி எழுதினால் மனம் ஆறும் என்று நம்பி எழுதவில்லை. எழுதாமல் போனால் இதை அறிந்தவர் ஒருவரும் இருக்கமாட்டார்கள், அவ்வளவுதான்.

அக்காவின் வீட்டுக்காரர் செங்கோட்டைக்கு மேலே மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கு எழுதினார். மலைக்காய்ச்சலில் அவர் போன பிறகு, பிள்ளையில்லாத அக்கா தென்காசியில் என் வீட்டுக்கு வந்தாள். ஒரு தகரப்பெட்டி, ஒரு பித்தளை உருளி, கேக் சுடும் சின்னத் தகரங்கள் இரண்டு, இவைதான் அவளோடு வந்தவை. தோட்டத்துத் துரைசாணிக்கு ஒத்தாசையாக இருந்தபோது கேக் சுடப் பழகியிருந்தாள். இரும்புச் சட்டியில் மணலைப் பரப்பி, அதன்மேல் தகரத்தை வைத்து மூடி, மூடிக்கு மேலும் தணல் போட்டுச் சுடுவாள். வெந்துவிட்டதா என்று திறந்து பார்க்கமாட்டாள்; மணத்தை வைத்தே சொல்லிவிடுவாள். கிறிஸ்துமஸுக்கும் சபையில் நடக்கும் கல்யாணங்களுக்கும் அவளைத் தேடி ஆள் வரும்.

கேக் அவளுடையது. பலகை என்னுடையது.

அப்போது நான் பள்ளிக்கூடத்தில் ஆங்கில வாத்தியார். நூலகமும் என் பொறுப்பில் இருந்ததால், கிழிந்த புத்தகங்களுக்கு அட்டை போடப் பழகியிருந்தேன். அந்தக் கைப்பழக்கத்தைப் பலகையில் காட்டினேன். தேயிலைப் பெட்டியின் மெல்லிய பலகையை வட்டமாக அறுத்து, உப்புத்தாளால் தேய்ப்பேன். முதலில் வெள்ளைத்தாள் ஒட்டுவேன். விளிம்பில் தொங்கும் தாளைக் கத்தரியால் பல் பல்லாக வெட்டி அடிப்பக்கம் மடித்து ஒட்டி, மடிப்புகள் தெரியாமலிருக்க அங்கே இன்னொரு வட்டத்தாள் ஒட்டுவேன். அதற்கு மேல் வெள்ளித்தாள். சிகரெட்டுப் பெட்டிகளில் வரும் வெள்ளித்தாளைச் சேர்த்து வைத்து, நகத்தின் முதுகால் நீவி, ஒன்றின் ஓரத்தில் ஒன்று ஏறும்படி ஒட்டினால் முழுத் தகடு போலப் பளபளக்கும். கடைசியில் விளிம்பைச் சுற்றிப் பொன்தாளில் வெட்டிய சரிகை. கேக்கைப் பார்க்க வந்தவர்கள் பலகையையும் பார்த்து, "இது யார் செய்தது?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகத்தான் செய்தேன் என்று இப்போது தெரிகிறது.

சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு வரும் வெள்ளைக்கார அம்மாமார்களில் ஒருவர், பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு பெண்கள் விடுதியை நடத்திவந்தார். அடுக்களையைப் பார்த்துக்கொள்ளவும் பெரிய பிள்ளைகளுக்கு ரொட்டியும் கேக்கும் சுடச் சொல்லிக்கொடுக்கவும் அவருக்கு ஒரு பெண் தேவைப்பட்டது. எங்கள் சபைப் போதகர் ஐயருடைய மனைவி அக்காவைப் பற்றிச் சொன்னார். குற்றாலத்தில் ஒரு பங்களாக் கூடத்தில் அநாதைப் பிள்ளைகளுக்காக வருஷாவருஷம் ஒரு விற்பனை நடக்கும். "அதற்கு அவள் ஒரு பெரிய கேக் செய்து வரட்டும். பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன்" என்று அந்த அம்மா சொல்லியனுப்பினார்.

அக்கா எங்கள் வீட்டில் அரங்கு என்ற சாமான் அறையில் அரிசிமூட்டைகளுக்கு நடுவேதான் படுப்பாள். செய்தி வந்த அன்று என்னிடம், "சம்பளம் கிடக்கட்டும்லே. அங்கன தனியா ஒரு ரூம்பு தருவாகளாம். எனக்குன்னு ஒரு கதவு. உள்ள போயித் தாப்பாப் போட்டுக்கிடலாம்" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் கை தாழ்ப்பாள் போடுவதுபோல் அசைந்தது.

என் மனைவிக்கு அது பிடிக்கவில்லை. மூன்று பிரசவத்தில் உடம்பு நைந்துபோயிருந்தாள். "மயினி போயிட்டா இந்தப் பிள்ளைங்களையும் அடுப்பையும் யாரு பாக்க? நீங்க பாப்பீகளா?" என்று என்னைக் கேட்டாள். அந்தக் கேள்வி எனக்கும் இருந்தது.

சாதாரணமாகக் கேக் பலகைக்கு மைதாப் பசையைத் தனியாகக் காய்ச்சுவேன். அந்த முறை பள்ளிக்கூடத்தில், புத்தகத்துக்குக் காய்ச்சிய பசை ஒரு சட்டி மீதியிருந்தது. இராமபாணப் பூச்சி அரிக்காமலிருக்க அதில் நீல மயில்துத்தம் கலந்திருப்பேன். அது விஷம் என்பது எனக்குத் தெரியும். பசைக் கையை வாயில் வைக்கக்கூடாது என்று பையன்களை அதட்டியவனே நான்தான். மேலே வெள்ளித்தாள் வருகிறதே, அதைத் தாண்டி என்ன வந்துவிடும் என்று நினைத்தேன். குற்றாலத்து எறும்பும் அண்டாது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். பள்ளிக்கூடத்திலேயே ஒட்டி, காயவைத்து, வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதுவரை செய்ததில் அதுதான் பெரிய பலகை.

அக்கா அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"ஏ யப்பா! கோயில் சாமானு மாதிரி இருக்கு. ஏலே, பீடிகூடக் குடிக்காதவன் நீ, இம்புட்டு சிகரெட்டுத் தாளு உனக்கு ஏதுலே?"

"ஸ்டேஷன் மாஸ்டர் உபயம்."

"பாவம், ஓன் பலகைக்காக அவரு நெஞ்சு கரிஞ்சிருக்கும்." சிரித்துவிட்டு, அதைச் சாய்த்து வைத்தாள். "கேக்கு கனமா இருக்கும். அடியில வாழையிலைய வட்டமா நறுக்கிப் போட்டுக்கிடுதேன். ஒட்டாது, ஈரமும் காயாது."

"அக்கா, அது என்ன கல்யாணப் பந்தியா? இலைக்கு அங்கே என்ன வேலை?"

"இலையில வச்சுத் தின்னா வெள்ளக்காரி செத்தா போவா?"

"பட்டிக்காடு என்று நினைப்பாள்."

அவள் பலகையைத் துணியால் மூடினாள். ஆனால் இலை வெட்டத்தான் போகிறாள் என்று எனக்குத் தெரியும்.

அந்தக் கேக் அவளுடைய தகரத்துக்குள் அடங்காது. அதனால் ஈயம் பூசிய பித்தளை உருளியிலேயே சுட்டாள். கிளம்பும் நாள் காலையில் பலகையை எடுத்தபோது வெள்ளித்தாளில் அங்கங்கே ஊசி குத்தியதுபோல் கறுத்த புள்ளிகளைக் கண்டேன். விரலால் தடவினேன், தாள் பொத்துப்போயிருந்தது. பசைதான் தின்றிருக்கிறது என்று எனக்குப் புரியாமல் இல்லை. வேறு பலகை செய்ய நேரமில்லை. பொன்தாளில் சின்ன நட்சத்திரங்கள் வெட்டி, ஒவ்வொரு புள்ளியின் மேலும் ஒட்டினேன், அதே பசையால். அக்கா பார்த்துவிட்டு, "வானம் மாதிரி இருக்குலே" என்றாள்.

ஜட்காவில் அவள் மடியில் கேக். என் மடியில் பலகை. குற்றாலம் நெருங்கும்போதே சாரல் பிடித்துக்கொண்டது. கூடத்துக்குள்ளும் ஈரம், மேசை விரிப்புகள் நமுத்துக் கிடந்தன. அவள் இலையைப் பலகையில் பரப்பி, கேக்கை அதன்மேல் இறக்கி, வெள்ளைச் சர்க்கரைப் பூச்சைத் தடவி முடித்தாள். கைகழுவக் கிணற்றடிக்குப் போனாள். நான் எதிரில் போய் நின்று பார்த்தேன். கேக்கின் அடியில் ஓரிடத்தில் இலை விரலகலம் பச்சையாக நீட்டிக்கொண்டிருந்தது. என் வெள்ளித்தாளுக்கும் நட்சத்திரங்களுக்கும் நடுவே அது எனக்கு அசிங்கமாகத் தெரிந்தது. தட்டைக்கரண்டியால் கேக்கை நெம்பி, இலையை மெல்ல உருவி, சன்னலுக்கு வெளியே போட்டேன். அவள் வந்து பார்த்தபோது இலை போயிருப்பதைக் கவனித்தாளா என்று இன்றைக்கும் தெரியாது. ஒன்றும் கேட்கவில்லை.

கேக் அன்று மாலையிலிருந்து மறுநாள் விற்பனை தொடங்கும்வரை அந்த ஈரக் கூடத்தில் என் பலகைமேல் இருந்தது.

மறுநாள் எல்லாரும் மேசையைச் சுற்றி நின்றார்கள். விடுதி அம்மா முதலில் பலகையைத்தான் பாராட்டினார். எனக்கு உள்ளம் குளிர்ந்தது. பிறகு வெட்டினார். தனக்கு ஒரு துண்டு, ஐயர் மனைவிக்கு ஒரு துண்டு. வாயில் வைத்த உடனே அந்த அம்மாவின் முகம் சுருங்கியது, கைக்குட்டையில் துப்பினார். ஐயர் மனைவி மரியாதைக்காக விழுங்கிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு தாழ்வாரத்துக்கு ஓடி வாந்தி எடுத்தார். விடுதி அம்மா துண்டைப் புரட்டினார். அடிப்பாகம் மயில்கழுத்து நிறத்தில் பச்சையும் நீலமுமாக ஊறியிருந்தது.

"களிம்பு, பாத்திரத்துக் களிம்பு" என்று யாரோ சொன்னார்கள்.

அந்த அம்மா தமிழ் நன்றாகப் பேசுவார். "எதில் சுட்டாய்?" என்று அக்காவைக் கேட்டார்.

"பித்தள உருளியிலம்மா. ஈயம் பூசினதுதான். பங்குனியிலதான் பூசினேன்."

"ஈயம் போயிருக்கிறது. நீ பார்க்கவில்லை. எத்தனை பிள்ளைகள் சாப்பிடுகிற அடுக்களை அது, தெரியுமா? பாத்திரத்தைப் பார்க்காதவளை நான் எப்படி அங்கே வைப்பேன், சொல்லு?" கோபமாகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார். அதனால் அது இன்னும் உறுதியாக இருந்தது.

அக்கா வாயைத் திறந்தாள், மூடினாள். பிறகு, "பாத்திருக்கணும்மா. என் தப்புதான்" என்றாள்.

நான் அவளுக்குப் பக்கத்தில் நின்றேன். ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் போதும். அந்த வாக்கியம் என் வாய்க்குள் முழுதாக இருந்தது. எழுவாய், பயனிலை எல்லாம் சரியாக. சொல்லவில்லை. முதலில் வெட்கத்தினால் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்து ஆட்கள் இரண்டு பேர் அங்கே நின்றார்கள். ஆனால் வெட்கம் மாலைக்குள் தணிந்துவிட்டது. அதற்குப் பிறகும் நான் வாயைத் திறக்காததற்குக் காரணம் வேறு. வீட்டுக்கு வந்ததும் அக்கா சேலையை மாற்றிக்கொண்டு நேரே அடுப்படிக்குப் போய் உலை வைத்தாள். பிள்ளைகள் அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். என் மனைவி என்னைப் பார்த்தாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. இந்தச் சொல்லை எழுதாமல் இருக்க எவ்வளவோ முயன்றேன். வேறு சொல் இல்லை.

மறுநாள் காலையில் பலகையை உடைத்து வெந்நீர் அடுப்பில் வைத்தேன். அக்கா குடத்தோடு வந்தாள்.

"என்னலே, தீ பச்சையா எரியுது?"

"வெள்ளித்தாள் அப்படித்தான் எரியும்."

"அழகா ஒட்டியிருந்தியே. அத எதுக்கு எரிக்க? பலகை என்ன செஞ்சுது?"

விடுதிக்கு வேறு ஒரு பெண் போனாள். அக்கா அதற்குப் பிறகு கேக் சுடவே இல்லை. கேட்டு வந்தவர்களிடம், "கை மறந்து போச்சு" என்று சொல்லி அனுப்பினாள். உருளியைக் கவிழ்த்து வைத்தாள். ஆனால் பாத்திரங்களைப் பார்ப்பது அவளுக்கு ஒரு நோயாகவே ஆகிவிட்டது. ஈயம் பூசுகிறவர் தெருவில் கூவினால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவாள். அவர் ஒருமுறை, "போன மாசம் பூசினது அப்படியே இருக்கு ஆச்சி, பாத்திரம் தேஞ்சு போகும்" என்றார். "இருந்தாலும் பூசிரும்" என்றாள். புளி கரைத்து ஊற்றுமுன் சட்டியை வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பாள். உறவுக்காரர் வீடுகளிலும் அப்படித்தான். கல்யாண வீட்டில் பெண்டுகள், "பெரியத்த வாராக, பாத்திரத்த எல்லாம் ஒளிச்சு வைங்கட்டி" என்று கேலி செய்வதைக் கேட்டிருக்கிறேன். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

என் மனைவிக்கு உடம்பு தேறிய பிறகும், பிள்ளைகள் வளர்ந்த பிறகும், நான் தலைமையாசிரியரான பிறகும் அக்கா அரங்கில்தான் படுத்தாள். அரங்குக்குக் கதவு உண்டு. ஆனால் அரிசி எடுக்க யாராவது வந்துபோவதால் அதைச் சாத்துவதே கிடையாது.

அவள் படுக்கையில் விழுந்த பிறகுதான் சொன்னேன். பசை, துத்தம், கறுத்த புள்ளிகள், நட்சத்திரங்கள், உருவி எறிந்த இலை, ஒன்றையும் விடவில்லை. கேட்டு முடித்ததும் அவள் சிரித்தாள். பல் இல்லாத வாய்.

"சின்னதுல நான் ஒடச்ச பானைக்கு நீ நம்ம ஐயாட்ட அடி வாங்கினல்லா, அதே புத்தி. சாகப்போறவ மனசு ஆறட்டும்னு பழியத் தூக்கித் தலையில வச்சுக்கிடுத."

"இல்லைக்கா. சத்தியமாக நான்தான்."

"அப்ப அந்தப் பலகைய எடுத்துட்டு வா, பாப்போம்."

"எரித்துவிட்டேனே. தீ பச்சையாக எரிந்ததே, ஞாபகம் இல்லையா?"

"வெள்ளித்தாளு அப்படித்தான் எரியும்னு நீதானலே சொன்ன."

நான் மறுபடி சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, அறைக்குள் வந்த என் மனைவியிடம், "இவன மாதிரி ஒரு தம்பி யாருக்குட்டி வாய்ப்பான்?" என்றாள். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச என்னால் முடியவில்லை.

மனைவி கஞ்சியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். நான் கரண்டியை எடுத்ததும் அக்கா வாயை மூடிக்கொண்டாள்.

"எதுல வச்சிருக்கா? ஈயம் இருக்கான்னு பாத்தியா?"

அது எவர்சில்வர் தூக்கு. அதற்கு ஈயம் பூசவே தேவையில்லை. நான் எழுந்து சன்னலுக்குப் போய், தூக்கை வெளிச்சத்தில் சாய்த்து, கொஞ்ச நேரம் உள்ளே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இருக்குக்கா" என்றேன்.

அவள் வாயைத் திறந்தாள்.