ஒரு நாளைக்குப் பத்துப் பேர்

"மன்னிக்கணும், உங்களுக்கு என்னைத் தெரியாது" என்று பென்சிலால் எழுதிவிட்டு, அதை அப்படியே அடித்தார் அலாரம். நேற்றும் இப்படித்தான் தொடங்கியிருந்தார். ஒரே வாக்கியத்தை இரண்டு பேருக்கு அனுப்பினால் அந்தச் சமூக வலைத்தளம் அவரையே மோசடிக்காரர் என்று முடிவுகட்டிக் கதவைச் சாத்திவிடும். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, பக்கத்தில் ஓடிய மோட்டாரைக் கொஞ்ச நேரம் கேட்டார். பிரேக் பிடிக்கும்போது லேசாக ஒரு முனகல். சாப்பிட்டதும் கழற்றிப் பார்க்க வேண்டும். பென்சிலை எடுத்து மறுபடி எழுதினார்: "வணக்கம். குறுக்க பேசறேன்னு கோவிச்சுக்காதீங்க."

அவர் லிஃப்ட் மெக்கானிக். பன்னிரண்டு மாடிக்கும் மேலே, இரும்பு வடமும் கிரீஸ் வாசனையுமாக இருக்கிற மெஷின் ரூம்தான் அவருக்கு அலுவலகம், சாப்பாட்டு அறை, வாசகசாலை எல்லாம். இந்த மாதிரி பதினேழு கட்டடங்கள் அவர் பொறுப்பில் இருக்கின்றன. அலாரம் என்பது கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் மணியை அழுத்தினால் முதலில் ஓடுகிறவர் அவர்தான். போனில் பரிசு விழுந்திருப்பதாக யாராவது வாயெடுத்தால், முழுவதும் கேட்காமலே "தொடாதீங்க, தொடாதீங்க" என்று டீ கிளாஸைக் கீழே வைக்கிறவரும் அவர்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் பத்திரமாக இருக்கிறது.

எங்கேயோ ஒரு புதுச் சமூக வலைத்தளம் தொடங்குகிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், மனிதர் முதல் வாரமே உள்ளே போய்விடுவார். அங்கே தன் படம் போட மாட்டார், காலை வணக்கம் சொல்ல மாட்டார். "கடை திறந்து விளக்குப் போடறதுக்குள்ள பூச்சி வந்துடும். நாம அதுக்கு முன்னால போய் நிக்கணும்" என்பார். போன மாதம் தொடங்கிய தளத்தில் வந்தவர்களுக்கே இன்னும் ஒருவரையொருவர் தெரியவில்லை. காவலுக்கு ஆள் போதவில்லை. அதற்குள் மோசடிப் பூச்சிகள் பாய் விரித்துப் படுத்துவிட்டன. அலாரம் அவர்களுக்குச் செல்லப்பெயர் வைத்திருக்கிறார். மூன்றே நாளில் பணத்தை இரட்டிப்பாக்கித் தருகிறவர் இரட்டை மாமா. நடுக்கடலில் துணையில்லாமல் தவிக்கிற கேப்டன் உப்புத்தண்ணி. நீங்கள் விண்ணப்பிக்காத வேலைக்கு உங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டவர் மேனேஜர் சார். "மேனேஜர் சார் ரெண்டு நாளா ஆளையே காணோம்" என்று அவர் வீட்டில் சொல்ல, மனைவி பதறிப்போய், "உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று விசாரித்ததும் உண்டு.

தொல்லைகளைத் தடுக்க அந்தப் புதுத் தளம் ஒரு விதி வைத்திருக்கிறது. முன்பின் தெரியாதவர்களுக்கு ஒரு நாளைக்குப் பத்துச் செய்திதான் அனுப்பலாம். நல்ல விதிதான். ஆனால் பூச்சிகளுக்கு ஆயிரம் கணக்குகள், அலாரத்துக்கு ஒன்றே ஒன்று. ஆகவே பத்தையும் அவர் பார்த்துப் பார்த்துச் செலவழிப்பார். பராமரிப்புப் புத்தகத்தின் பின்பக்கத்தில், காலையிலிருந்து கண்ணில் பட்டவர்களைக் குறித்துக்கொள்வார். சும்மா விசாரிக்கிறவர் யார், கார்டு நம்பர் கேட்டதும் தயங்குகிறவர் யார், இன்று சாயங்காலத்துக்குள் அனுப்பியே விடுவார் என்று தோன்றுகிறவர் யார். கடைசி ரகத்துக்குத்தான் கடிதம் போகும்.

எழுதும்போது "ஏமாறாதீங்க" என்ற சொல்லையே தொட மாட்டார். அது தொழிலில் கற்றது. "லிஃப்ட் நடுவுல நின்னுடுச்சுன்னா, உள்ள இருக்கறவங்ககிட்ட ஏன் அதுல ஏறினீங்கன்னு கேக்கக் கூடாது. நான் வெளியதான் நிக்கறேன், பயப்படாதீங்கன்னு சொல்லணும். அப்புறம்தான் கதவு." பத்தில் ஆறு பேர் பதிலே போடுவதில்லை. மூன்று பேர் திட்டுவார்கள். மிச்சம் ஒருவர், "நீ யார்றா?" என்பார். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருக்கும் மனைவி, இந்தக் கடிதங்களை ஒருநாள் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "இதப் படிச்சா எனக்கே உங்க மேல சந்தேகம் வருது. இவ்வளவு மரியாதையா எந்த நல்லவன் பேசுவான்?" அன்றிலிருந்து ஒரு 'தயவுசெய்து'வைக் குறைத்துக்கொண்டார்.

சோறு போடாத இந்த வேலை இவருக்கு எதற்கு என்று கேட்கத் தோன்றும். கேட்டால் ஒளிக்காமல் சொல்வார். நாலு வருடத்துக்கு முன்னால், மகளை நர்ஸிங் படிக்கவைக்க, அப்போது புதிதாக வந்திருந்த வேறொரு தளத்தில் ஒரு வெளிநாட்டுக் கல்லூரியைப் பிடித்தார். சேமிப்பு முழுவதையும் மறுநாள் அனுப்புவதாக இருந்தார். அப்போது யாரென்றே தெரியாத ஒரு பெண், "சார், அப்படி ஒரு காலேஜே இல்ல. என்னுது போயிடுச்சு, உங்களுதாவது நிக்கட்டும்" என்று எழுதினாள். அலாரம் அவளை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். கோபம் ஆறியபின் கல்லூரியின் வரவேற்பறைப் படத்தை இன்னொரு தரம் பெரிதாக்கிப் பார்த்தார். பின்னால் ஒரு லிஃப்ட். அதன் கதவில் நீளமாக ஒரு கீறல். அது அவருடைய கருவி வண்டி இடித்து, சூப்பர்வைசரிடம் அவர் ஏச்சு வாங்கிய கீறல். உள்ளூர் ஆஸ்பத்திரி ஒன்றின் படத்தை எடுத்துப் போட்டுக் கல்லூரி என்று காட்டியிருந்தார்கள்.

நன்றி சொல்லலாம் என்று ஓடினால் அந்தப் பெண்ணின் கணக்கே இல்லை. திட்டியவர்கள் அத்தனை பேரும் சேர்ந்து புகார் கொடுத்து மூடவைத்திருப்பார்கள். அதில் அலாரத்தின் புகாரும் ஒன்று. மகள் வேறிடத்தில் படித்து இப்போது வேலையில் இருக்கிறாள். "எம் பொண்ணு வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டுக் கிளம்பறப்பெல்லாம் அந்தப் புள்ளைய நெனச்சுக்குவேன். நல்லா இருக்கணும் அவ" என்பார்.

சென்ற மாதம் புதுத் தளத்தில் ஒரு அம்மாள் வந்து சேர்ந்தார். பள்ளிச் சீருடை தைக்கிறவர். சொந்தமாக மூன்று தையல் மெஷின்கள், கூட இரண்டு பெண்கள். பத்தொன்பது வருடத்துக்கு முன் வீட்டைவிட்டுப் போன தம்பியின் சின்ன வயதுப் படத்தைப் போட்டு, "யாராவது பார்த்தால் சொல்லுங்கள்" என்று எழுதியிருந்தார். ஒரு மணி நேரத்தில் அடியில் பதில் வந்துவிட்டது: "அக்கா, நான்தான்." வெளிநாட்டில் வேலை பார்த்த இடத்தில் பாஸ்போர்ட்டைப் பிடித்துவைத்திருக்கிறார்களாம், பணம் கட்டினால் விட்டுவிடுவார்களாம். இரண்டு நாள் கழித்து அந்த அம்மாளே இன்னொரு பதிவு போட்டார். "என் தம்பி கிடைத்துவிட்டான். மெஷின் மூன்றும் விற்பனைக்கு. வெள்ளிக்கிழமைக்குள் பணம் வேண்டும்."

அலாரம் தேடிப் பார்த்தார். அதே 'தம்பி' இன்னொரு வீட்டுக்கு மகனாகவும், மூன்றாவது வீட்டுக்குத் தொலைந்த கணவனாகவும் இருந்தான். அன்றைய பத்தில் ஒன்றை அந்த அம்மாளுக்கு வைத்தார். "உங்க வேலையப் பாருங்க" என்று பதில் வந்தது. மறுநாள் அந்த மற்ற இரண்டு வீட்டு விவரத்தையும் சொல்லி எழுதினார். "என் தம்பி வந்தது உங்களுக்கு ஏன் பொறுக்கல? நீங்கதான் ஃபிராடு" என்றார் அந்த அம்மாள். வியாழக்கிழமை, மெஷின் ரூமில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே மூன்றாவதை எழுதினார்.

"இதுக்கு மேல தொந்தரவு பண்ண மாட்டேன். உங்க வீட்ல நடக்கவே நடக்காத ஒன்ன, நடந்த மாதிரி வெச்சு அவர்கிட்ட கேளுங்க. கூடப் பொறந்தவர்னா, என்னக்கா உளர்றேம்பாரு. மத்தவன் ஆமாம்பான்."

பத்து நிமிடத்தில் அவருடைய கணக்கு மூடப்பட்டது. சந்தேகத்துக்கு இடமான நடவடிக்கை என்று புகார் வந்திருப்பதாகக் காரணம் போட்டிருந்தது. அலாரத்துக்குக் கோபம் வரவில்லை, கவலைதான் வந்தது. பத்தொன்பது வருடம் காத்திருந்தவரிடம் போய், வந்தவன் உன் தம்பி இல்லை என்று சொன்னால் வேறு என்ன செய்வார்? "ரொம்பப் பேசிட்டேனோ? மெதுவா சொல்லியிருக்கலாமோ?" என்று வீட்டில் புலம்பினார். "ஊதற சங்க ஊதியாச்சு. விடியறது அவங்க கையில" என்று விடைத்தாளைத் திருத்திக்கொண்டே சொன்னார் மனைவி.

வெள்ளிக்கிழமை வந்தது. மத்தியானம் ஒரு வணிக வளாகத்தில் நாலாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே லிஃப்ட் நின்று, உள்ளே இருந்தவர் இருபது நிமிடம் அவரை ஏசினார். "நான் வெளியதான் சார் நிக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே சாவியைத் திருப்பியவரின் கண் அடிக்கடி கடிகாரத்துக்குப் போனது. அந்த அம்மாள் என்ன செய்தார் என்று தெரிந்துகொள்ள வழியில்லை. மனைவியின் எண்ணில் புதுக் கணக்குத் திறந்து பார்த்தபோது, அந்த அம்மாள் தன் பக்கத்தை வெளியாட்கள் பார்க்க முடியாதபடி பூட்டியிருந்தார்.

அந்தப் புதுக் கணக்குக்கு அலாரம் வைத்துக்கொண்ட பெயர் மாடிப்படி. லிஃப்ட்காரருக்கு இதைவிட நல்ல மறைவிடம் ஏது? மூன்று வாரம் போனபின், 'தம்பி'யைக் கையும் களவுமாகப் பிடித்துத் தளத்திடம் ஒப்படைத்துவிடுவது என்று தீர்மானித்தார். தன்னுடைய இருபது வயதுப் படம் ஒன்றை எடுத்து, "என் அண்ணனைக் காணவில்லை" என்று போட்டார். அரை மணி ஆகவில்லை, "தம்பி, நான்தான்" என்று அதே ஆள் வந்து நின்றான். அலாரத்தின் படத்தைக் காட்டி அலாரத்திடமே நான்தான் நீ தேடுகிறவன் என்கிற துணிச்சலை நினைத்து, மெஷின் ரூமில் தனியாக உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு "அண்ணே, எங்கண்ணே இருக்கீங்க?" என்று எல்லோரும் பார்க்கவே கதறினார். இரண்டு நாள் கதறலில் ஏகப்பட்ட ஆதாரம் சேர்ந்தது. பணம் போட வேண்டிய கணக்கு எண் ஒன்றுதான் வரவேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாடிப்படிக்கு ஒரு செய்தி வந்தது. அனுப்பியவரின் படத்தில், ஜன்னலோரம் வரிசையாக மூன்று தையல் மெஷின்கள். நடு மெஷினில் பாதி தைத்த நீலச் சட்டை.

"தம்பி, உங்களுக்கு என்னைத் தெரியாது. உங்க அண்ணன்னு பேசறவன் அண்ணன் இல்லப்பா. போன மாசம் எனக்குத் தம்பியா இருந்தான். ஒரு மனுஷன் மூணு தடவ எடுத்துச் சொன்னாரு, நான் அவரைத் திட்டித் துரத்திட்டேன். ஆனா அவர் சொன்ன மாதிரி கேட்டுப் பாத்தேன். நம்ம நாய் செத்தது ஞாபகம் இருக்காடான்னேன். ரெண்டு நாள் சோறு எறங்கலக்கான்னு சொன்னான். எங்க வீட்ல நாயே வளத்தது இல்ல. அன்னிக்கு அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். என் தம்பி இன்னும் வரல. ஆனா என் கூட இருக்கற ரெண்டு பொண்ணுங்களுக்கும் வேலை இருக்கு. அந்த மனுஷனைத் தேடினேன், கிடைக்கல. நீங்க என்னைத் திட்டினாலும் பரவாயில்ல, பணம் அனுப்பாதீங்க."

அலாரம் அதை உரக்கப் படித்தார். பாதியில் நிறுத்திவிட்டு மீதியை மனைவியிடம் கொடுத்தார். "அப்பாடா" என்ற ஒரு சொல்தான் அவர் வாயிலிருந்து வந்தது.

"நான்தான் அந்த ஆளுன்னு சொல்லிடுங்களேன். பாவம், தேடறாங்க" என்றார் மனைவி.

அவர் தட்டத் தொடங்கினார். நாலு எழுத்து அடித்துவிட்டு அழித்தார். "வேணாம். சொன்னா, முதல்ல மன்னிப்புக் கேப்பாங்க. அப்புறம் இந்த அண்ணன் கதை பொய்யின்னு தெரிஞ்சு, வீணா எழுதிட்டமேன்னு கூச்சப்படுவாங்க. அதோட அடுத்த ஆளுக்கு எழுத மாட்டாங்க." செய்தியை மறுபடி காட்டி, "இன்னிக்குப் பத்துல ஒண்ண எனக்குன்னு வெச்சிருக்காங்க பாரு" என்றார்.

பென்சிலும் வேண்டியிருக்கவில்லை, அடித்தல் திருத்தலும் இல்லை. "ரொம்ப நன்றிக்கா. இப்ப நீங்க சொல்லலைன்னா அனுப்பியே இருப்பேன். நல்லா இருக்கணும் நீங்க" என்று எழுதி அனுப்பினார். சேர்ந்திருந்த ஆதாரங்களை அரைகுறையாகவே தளத்துக்குத் தள்ளிவிட்டார். அதன் பிறகு, அந்த அக்கா திரும்ப வந்து பார்த்தால் நிம்மதியாக இருக்கட்டும் என்று, காணாமல் போன அண்ணனைத் தன் கையாலேயே மாடிப்படியின் பக்கத்திலிருந்து எடுத்தார்.