ஏழாவது தலை

நம்பாதவர்கள் நம்பாமலே போகட்டும். 1989 தை மாதம், மட்டக்களப்பு வாவியில், நல்ல வெயிலில் நடந்தது இது. கண்டவர் ஹோரேஸ். நகரத்தில் ஸ்டூடியோ வைத்திருந்த, ஐரோப்பிய வழிவந்த பறங்கியர். பேய் என்றால் சிரிப்பவர்.

அன்று அவர் கொதித்துப்போய் இருந்தார். முந்திய வருடம் வாவியில் குடுமி வைத்த முக்குளி வாத்துகளைக் கண்டு, கொழும்பிலுள்ள பறவைச் சங்கம் ஒன்றுக்கு எழுதியிருந்தார். "அந்த வாத்து உங்கள் பக்கம் வராது. நீங்கள் பார்த்தது நீர்க்காகமாக இருக்கும்" என்று பதில் வந்தது. இருபது வருடம் பறவை பார்த்தவருக்கு நீர்க்காகம் தெரியாதாம். வெடிச் சத்தத்துக்கு நடுவே கமெராவோடு திரிகிறவனை, மின்விசிறிக்குக் கீழே இருந்துகொண்டு ஒருவன் பொய்யனாக்குவதா? இந்த முறை படத்தை அவர்கள் மூஞ்சியில் எறிவது என்றே புறப்பட்டார்.

நாவற்குடாவிலிருந்து தோணி. தள்ளியவர் கோணாமலை. காலை 8.20க்கு, கண்டல் மரங்களுக்கு அப்பால் ஆறு வாத்துகள் தெரிந்தன. கறுத்த முதுகு, வெள்ளை விலா, மஞ்சள் கண், பின்தலையில் குடுமி. அவையேதான்.

கோணாமலை கம்பை நிறுத்தினார்.

"அங்கால போகவேணாம் ஐயா."

"ஏன்?"

"அங்க இப்ப ஒருத்தரும் வலை வீசுறல்ல."

"வாத்துப் பாக்க வலை என்னத்துக்கு? தள்ளு."

8.31. ஆறும் ஒன்றாக முங்கின. ஹோரேஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எவ்வளவு நேரம் நீருக்குள் இருக்கின்றன என்று குறித்துக்கொள்வது அவர் வழக்கம். பதினேழு விநாடி. ஆறு தலைகள். கிளிக்.

மறுபடி முங்கின. பதினேழு விநாடி...

ஏழு தலைகள்.

ஏழாவதுக்கு அலகு இல்லை. கறுத்த தலைமுடி. மனிதத் தலை. கை பழக்கத்தில் அழுத்திவிட்டது. கிளிக்.

முங்கிப் போய் வாத்தின் காலைப் பிடிக்கிற கள்ளன் என்று நினைத்தார். ஆத்திரம் தலைக்கேறியது.

"டேய், விலகடா. படம் எடுக்கிறன்."

"ஆரோட கதைக்கிறீங்க ஐயா?" கோணாமலை சுற்றிலும் பார்த்தார்.

பக்கத்தில் ஆள் இருந்தும் வாத்துகள் பறக்கவில்லை. ஏழும் முங்கின. பதினேழு விநாடி... ஆறு மட்டும் எழுந்தன.

முப்பது. அறுபது. இரண்டு நிமிடம்... நாலு நிமிடம்...

சளக்.

தோணிக்குப் பக்கத்தில். கைக்கெட்டும் தூரத்தில். இளைஞன். இடப் புருவத்தில் தழும்பு.

முங்கி எழுபவன் முதலில் கையால் முகத்தை வழிப்பான். இவன் வழிக்கவில்லை.

திறந்த கண்ணில் தண்ணீர் நின்றது. இமைக்கவில்லை...

கை வெளியே வரவே இல்லை.

கோணாமலை தோணியைத் திருப்பினார்.

அன்று மாலை படத்தைக் கழுவினார் ஹோரேஸ். இரண்டாவது படம்தான் தெளிவு. ஆறு வாத்துகள், நடுவில் வெறும் தண்ணீர். அதையே கொழும்புக்கு அனுப்பினார்.

பதினொரு நாள் கழித்து, அன்னப்பூரணி என்றொரு பெண் ஸ்டூடியோவுக்கு வந்தாள். அடையாள அட்டைப் படம் ஒன்றைப் பெரிதாக்க வேண்டுமாம். படத்தில் இடப் புருவத்தில் தழும்பு.

"மகன் ஐயா, வினாயகமூர்த்தி. மார்கழியில கொண்டுபோனானுகள். கையப் பின்னால கட்டி, கண்டலுக்கு அங்கால தண்ணிக்க போட்டிருந்தானுகளாம். மீன்பிடிக்கிற ஆக்கள் கண்டிருக்காங்க. தூக்கப் பயம். பிறகு போய்ப் பாக்கக்குள்ள ஆளக் காணல்லயாம்."

ஊரே தெரிந்து வைத்திருந்தது. கோணாமலைக்கும் தெரியும். கொன்றவர்கள் மேலும், வாயை மூடிக்கொண்டவர்கள் மேலும், "டேய்" என்று ஏசிய தன் மேலும் ஹோரேசுக்கு அடங்காத கோபம் வந்தது. படத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தார்.

மாசியில் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. "வாத்துகள் நீங்கள் சொன்னவையே. உங்கள் பெயருடன் வெளியிடுகிறோம். ஆனால் நடுவில் குளித்துக்கொண்டிருப்பவரை நீக்கிவிட்டு, இன்னொரு பிரதி அனுப்பவும்."

நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஆறு வாத்துகள். தண்ணீர்.

அன்றே பதில் எழுதினார்.

"அவர் பெயர் வினாயகமூர்த்தி. அவரை நீக்கிவிட்டு என் பெயரைப் போட வேண்டாம்."