பாட்டுவிழாவில் ஒரு செத்தவீடு

அண்ணன் செத்த செய்தி வந்த அன்று சிஞ்ஞோராவுக்குக் காய்ச்சல். அதில்தான் எல்லாம் பிசகியது.

இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோ நகரத்து லிபெர்த்தா வீதிப் பக்கம் மாடிவீடு ஒன்றில் தங்கி நின்று ஒரு வயதான பெண்ணைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. இத்தாலியனில் அம்மணி என்கிறமாதிரி, அவரைச் சிஞ்ஞோரா என்றே கூப்பிடுவேன். அன்று காலை குசினியில் அவருக்குக் கோழி சூப் வைத்துக்கொண்டிருந்தபோது யாழ்ப்பாணத்திலிருந்து அண்ணி போன் எடுத்தார். போனில் சொல் ஒன்றும் இல்லை, அழுகைதான் இருந்தது. பிறகு மருமகன், அண்ணனின் மகன், வாங்கி விஷயத்தைச் சொன்னான். நான் அடுப்பை நிற்பாட்டவில்லை. சூப்பை இறக்கி, வடித்து, சிஞ்ஞோராவுக்குக் கரண்டியால் பருக்கினேன். அன்று அவரிடம் சொல்லவில்லை. மறுநாள் அவருக்குக் கொஞ்சம் சுகம், அன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாத செய்தி வாய்க்குள்ளேயே கிடந்துவிடும். பிறகு எடுத்துச் சொல்லக் கூச்சமாக இருக்கும். இதென்ன விசர்க் கூச்சம் என்று என்னையே ஏசினேன். ஏசியும் சொல்லவில்லை.

பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்துவிட்டு, கைரேகை வைக்கக் குவெஸ்தூரா என்கிற பொலிஸ் அலுவலக வாசலில் நிற்க வேண்டிய கிழமை அது. ஊருக்குப் போகிற பேச்சுக்கே இடமில்லை. செத்தவீட்டைப் போனில்தான் பார்த்தேன். மருமகன் போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். பந்தல், பறைமேளம், சனத்தின் முதுகு, இடைக்கிடை அண்ணனின் மூக்கு. படம் நின்று நின்று வந்தது. “உங்கை இருந்து அழுறாவோ?” என்று யாரோ ஒரு மனுசி கேட்டது மட்டும் நல்ல தெளிவாகக் கேட்டது. நான் அழவில்லை. அடக்கி வைத்திருந்தேன் என்று நினைக்க வேண்டாம், வரவில்லை, அவ்வளவுதான். மரத்துப்போன காலைத் தட்டிப் பார்ப்பதுபோல என்னை நானே தட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. உடுப்புத் தோய்க்கப் போனேன்.

நான் கலியாணம் கட்டவில்லை. ஊரில் எனக்கு வீடு என்று இருந்தது அண்ணன் வீடுதான். இங்கே இருப்பது சிஞ்ஞோரா வீட்டில், அவருடைய அறைக்குப் பக்கத்து அறையில். எங்கள் ஆட்களில் ஒருவர் செத்தால் அந்த வீட்டுக்குச் சனம் வரும். வந்திருந்து, கையைப் பிடித்து, என்ன நடந்தது என்று கேட்கும். வீட்டுக்காரர் முதலில் இருந்து சொல்வார். அடுத்த ஆள் வந்தால் திரும்பவும் முதலில் இருந்து. அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் செத்தவர் செத்தவர் ஆவார். எனக்கு அது நடக்கவே இல்லை. பக்கத்துக் கட்டிடத்தில் வேலை செய்கிற மன்னார்க்காரி ஒருத்தி, என்னில் வாரப்பாடும் அன்பும் உள்ளவள், செய்தி கேட்டதும் போன் எடுத்து, “வீட்டை வரட்டோ அக்கா?” என்றாள்.

“ஆரின்ர வீட்டை?” என்று கேட்டேன்.

 கோபத்தில்தான் அப்படிக் கேட்டேன், ஆனால் யாரோடு கோபம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மற்றவர்களும் எடுத்தார்கள். கொஞ்ச நேரம் கதைத்துவிட்டு, சரி வைக்கிறன் என்ன, என்று வைத்துவிடுவார்கள். அவர்கள் வைத்ததும் நான் சிஞ்ஞோராவுக்கு மாத்திரை கொடுக்கப் போவேன்.

எட்டாம் நாள் எட்டுச்செலவும் முடிந்த பிறகு ஒரு மத்தியானம் சிஞ்ஞோராவின் மகள் வந்து, சனிக்கிழமை ஸ்ஃபெர்ராகவால்லோவில் பாட்டுவிழா, அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், நீயும் வா, என்றாள். அவளுடைய மகன் பல் வைத்தியன். பகலில் பல் பிடுங்குவான், மற்ற நேரமெல்லாம் பான்ஜோ வாசிப்பான். தோல் போர்த்த வட்டத்தில் கம்பி கட்டிய அமெரிக்க வாத்தியம் அது. அவனும் கூட்டாளிகளும் அந்த மேடையில் வாசிக்கப் போகிறார்களாம். முப்பத்தோராம் நாள் சடங்கு கழியமுன்னம் பாட்டுக் கச்சேரிக்குப் போகிற தங்கச்சி உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஏலாது என்று சொல்லலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். சிஞ்ஞோராவோ எழுந்து நடப்பதற்கே என் கை வேண்டும். சரி என்றேன்.

ஸ்ஃபெர்ராகவால்லோ ஒரு சின்ன மீன்பிடி ஊர். கடற்கரைச் சதுக்கத்தில் ஓடங்களை ஓரமாகத் தள்ளிவிட்டு மேடை போட்டிருந்தார்கள். வேதக் கோயிலிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்டிக் கதிரைகள், தோரணமாகக் கட்டிய குமிழ் விளக்குகள், கணவாய் மீன் அவிக்கிற மணம். பொழுது படவில்லை. முன்வரிசையில் சிஞ்ஞோராவை இருத்தி, கைத்தடியைக் கதிரைக் கைப்பிடியில் கொழுவி, முழங்காலில் சால்வையைப் போட்டேன். சத்தம் கூடவென்று அவர் காதுக் கருவியைக் கழற்றி என் கையில் தந்துவிட்டார். பிறகு மற்றவர்கள் கை தட்டுவதைப் பார்த்துப் பார்த்துத் தானும் தட்டிக்கொண்டிருந்தார். சனத்திலேயே ஆகச் சந்தோஷமாக இருந்தது அவர்தான்.

முதலில் கிழவர் ஒருவர் கஞ்சிரா போன்ற ஒன்றைத் தட்டிக்கொண்டு சூரை மீன் வலை இழுக்கிற பாட்டுப் பாடினார். அவர் ஒரு வரி சொல்ல, பின்னால் நின்றவர்கள் ஒரு சத்தம் போட்டு இழுத்தார்கள். எங்கள் கரையூர்களின் அம்பாப் பாட்டும் இப்படித்தான். அடுத்து ஒருவர் பல்லில் வைத்து மோர்சிங் வாசித்தார். பிறகு பல் வைத்தியனின் கூட்டம் ஏறியது. எல்லாரும் பலெர்மோப் பெடியங்கள், எல்லாருக்கும் கட்டம் போட்ட சட்டையும் அகலத் தொப்பியும். கண்டறியாத தொப்பி. அவர்களோடு உண்மையான அமெரிக்கக்காரி ஒருத்தியும் நின்றாள், பக்கத்து ஊரில் கலியாணம் கட்டி வந்தவளாம். மெல்லிய குரலில் புகைவண்டியைப் பற்றியும் தாயைப் பற்றியும் பாடினாள்.

அந்த மாதிரிப் பாட்டு எனக்குப் புதிதில்லை. அண்ணன் அந்தக் காலத்தில் றெக்கோடிங் பார் வைத்திருந்தார். ஆட்கள் வேண்டிய பாட்டுகளின் பெயரை எழுதிக்கொண்டு வருவார்கள், இவர் கசெற்றில் அடித்துக் கொடுப்பார். தனக்கென்று அவர் வைத்திருந்தது ஒரு இங்கிலிஷ் கசெற். ஒரு சொல் விளங்காது. கடையைப் பூட்டமுன் அதைப் போட்டுவிட்டு, தலையை ஆட்டி ஆட்டிக் கூட்டுவார். என்ன பாடுறான் அண்ணா என்று கேட்டால், தாய்க்கு ஏதோ சொல்லுறான், றெயிலில போறான், வரமாட்டான்போல, என்பார். சினிமாவாக இருந்தால் அந்த இடத்தில் என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியிருக்கும். நான் இருந்து கேட்டேன். நல்ல பாட்டு. முன்னால் நின்ற பிள்ளை ஒன்று ஐஸ்கிறீமை நிலத்தில் விழுத்திவிட்டு வீரிட்டது. அதன்மேல் எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

அப்போதுதான் கதிரைகளுக்கு இடையால் மன்னார்க்காரி வந்தாள். அவளுடைய புருஷன் அந்த ஊர் மீன் சாப்பாட்டுக் கடை ஒன்றில் சமையல் வேலை; அவர்கள் குடியிருப்பதும் அங்கேதான். பாட்டுவிழாவில் என்னைக் கண்டுவிட்டாளே, ஊர் முழுக்கச் சொல்லப் போகிறாள், என்றுதான் முதலில் நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை, சுகம் கேட்கவில்லை. என் கைப்பையை எடுத்து நிலத்தில் வைத்துவிட்டு, பக்கத்துக் கதிரையில் இருந்து என் கையைப் பிடித்தாள்.

“என்ன நடந்தது அக்கா?”

“உனக்குத் தெரியும்தானே.”

“தெரியும். நீங்கள் சொல்லுங்கோ.”

மேடையில் பான்ஜோ படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. மெதுவாகச் சொன்னால் கேட்காது. அதனால் அண்ணனின் சாவை உரத்த குரலில் சொல்ல வேண்டியதாயிற்று. காலையில் எழும்பித் தேத்தண்ணி குடித்ததைச் சொன்னேன். நெஞ்சுக்குள் என்னவோ செய்கிறது, வாய்வாக்கும், என்று அண்ணியிடம் இஞ்சி கேட்டதைச் சொன்னேன். அண்ணி இஞ்சி இடித்துக்கொண்டு வந்தபோது கதிரையில் சரிந்திருந்ததையும், மருமகன் ஓட்டோ பிடிக்க ஓடியதையும் சொன்னேன். அவள் ஒவ்வொன்றுக்கும், ம், பிறகு, என்றாள். எல்லாம் எனக்கு யாரோ சொன்னதுதான், நான் ஒன்றையும் கண்டதில்லை. ஆனாலும் முதல் தடவையாக என் வாயால் வரிசையாக வந்தது. கடைசி வரிக்கு வந்தபோது பாட்டு சட்டென்று நின்றுவிட்டது. “ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகேக்கையே சீவன் போயிட்டுது” என்று நான் கத்தியது சதுக்கம் முழுக்கக் கேட்டது. உடனே எல்லாரும் கை தட்டினார்கள்.

பாட்டுக்குத்தான் தட்டினார்கள், அது எனக்குத் தெரியாமலா. ஆனால் இந்த ஊரில் கோயிலுக்குள்ளிருந்து பிரேதப்பெட்டி வெளியே வரும்போதும் சனம் இப்படித்தான் கை தட்டும். வந்த புதிதில் அதைக் கண்டு, இதென்ன மானங்கெட்ட வேலை என்று நான் கொதித்திருக்கிறேன். அன்று அந்தக் கைதட்டல் முடியும்வரை குனிந்து என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிஞ்ஞோராவும் தட்டிக்கொண்டிருந்தார்.

மகள் ஒரு தட்டில் கடலைமாப் பொரியலும் கிளாஸில் பழரசமும் கொண்டுவந்து மன்னார்க்காரியிடம் நீட்டினாள். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். இன்னொருதரம் நீட்ட, கையெடுத்துக் கும்பிட்டாள். அடுத்த பாட்டும் அதற்கடுத்த பாட்டும் போயின. அவள் என் கையை விடவில்லை, ஆறுதல் என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. பிறகு எழுந்தாள், சட்டையை இழுத்துவிட்டாள், என் முகத்தைப் பாராமல் திரும்பிக் கதிரைகளுக்கு இடையால் நடந்து போய்விட்டாள்.

நான் அப்படியே இருந்தேன். 

சிஞ்ஞோரா காதுக் கருவியைக் கேட்டு வாங்கி மாட்டினார். அவர் இத்தாலியனில் சொன்னதை என் பாஷையில் சொன்னால் இப்படித்தான் வரும்: “உன்ர சிநேகிதி மரியாதை தெரியாத ஆள். குடுத்ததைத் தொடேல்லை. போறன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லேல்லை.”

பேசாமல் விட்டிருக்கலாம். அவளைக் குறை சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை. “அவள் மரியாதைக்காரி சிஞ்ஞோரா,” என்றேன். “நாங்கள் செத்தவீட்டில சாப்பிடுறேல்லை. வெளிக்கிடேக்கை போயிட்டு வாறன் எண்டு சொல்லுறதும் இல்லை. பேசாமல் எழும்பிப் போறதுதான் முறை.”

“இஞ்சை எங்கை செத்தவீடு?”

“இதுதான். என்ர அண்ணை செத்துப்போனார்.”

அவர் என்னைப் பார்த்தார். எப்போது என்று கேட்டார். உங்களுக்குக் காய்ச்சல் வந்த அன்று என்றேன். அன்று நீதானே எனக்குச் சூப் பருக்கினாய் என்றார். ஓம் என்றேன்.  அமெரிக்கக்காரி கடைசிப் பாட்டைப் பாடினாள், எல்லாரும் தட்டினார்கள், சிஞ்ஞோரா தட்டவில்லை. பேரன் மேடையிலிருந்து தொப்பியைக் கழற்றி ஆட்டினான், அதையும் அவர் காணவில்லை.

காரில் வரும்போது முன்சீட்டிலிருந்து மகளிடம் சிசிலிப் பாஷையில் ஏதேதோ சொன்னார். அது எனக்கு விளங்காது என்று அவர் இன்னும் நம்புகிறார். எல்லாம் விளங்கியது. மகள் கண்ணாடியில் என்னை ஒருதரம் பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்தாள்.

அந்த மகள் விடைபெறுவது லேசில் முடிகிற காரியம் இல்லை. வாசலில் ஒருதரம், லிஃப்ட் வரும்வரை ஒருதரம், லிஃப்ட் கதவு மூடும்வரை இன்னொருதரம், பிறகு கீழே இறங்கிப் போனில் ஒருதரம். அன்றும் தாயைக் கொண்டுவந்து வாசல் கதிரையில் இருத்திவிட்டு, வழமைபோலத் திரும்பிக் கையைத் தூக்கி வாயைத் திறந்தாள். நான் முழங்காலில் இருந்து சிஞ்ஞோராவின் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். சிஞ்ஞோரா கைத்தடியை நிலத்தில் தட்டினார்.

“ஒண்டும் சொல்லாதை,” என்றார். “இது செத்தவீடு.”

மகள் தூக்கிய கையை இறக்கினாள். சத்தம் வராமல் கதவைச் சாத்திவிட்டுப் போனாள். லிஃப்ட் இறங்குவது கேட்டது. போன் வரவில்லை.

அப்போதுதான் நான் அழுதேன். சிஞ்ஞோராவின் ஒரு சப்பாத்தை மடியில் வைத்துக்கொண்டு, அண்ணை அண்ணை என்று, ஊரில் அழுவதுபோல வாய்விட்டு அழுதேன். சிஞ்ஞோரா மற்றக் காலில் சப்பாத்தோடு அசையாமல் இருந்தார். நான் அழுது முடித்து நிமிர்ந்தபோது, குனிந்து என் கையைப் பிடித்து, “என்ன நடந்தது?” என்று கேட்டார். நான் முதலில் இருந்து சொன்னேன்.