நாலு கலரில் ஒரு கூட்டம்

மல்லாங்கிணறு வள்ளித்தாய்க்கு மூத்தது பாண்டிச்செல்வி, இளையது செல்லச்சாமி. மகள் அச்சங்குளத்துப் பட்டாசுக் கம்பெனியில் திரி சொருகப் போனவள். மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்து வருசம் பல ஆயிற்று. முன்பல் ஒன்று உடைந்ததிலிருந்து, யார் படம் பிடித்தாலும் கையால் வாயைப் பொத்திக்கொள்வாள். சடங்கு வீடு, கல்யாண வீடு, எந்தப் படத்திலும் முழு முகம் கிடையாது. "எம்மக மொகம் மறந்துபோயிருமோலே" என்று வள்ளித்தாய் ஒருநாள் கேட்டது செல்லச்சாமிக்கு உள்ளே தைத்துக்கொண்டது.

அவனுக்குச் சிவகாசி அச்சாபீசில் வேலை. மிஷினில் கலர் பார்ப்பவன். ஒரு காலண்டர் ஆர்டரில் யாரோ வெளிநாட்டுக்காரர் வரைந்த படம் வந்தது. சாயங்காலத் தெருவில் ஒரு கூட்டம் நம்மைப் பார்த்து நடந்து வருகிறது. முகத்தில் பச்சை, கழுத்தில் சிவப்பு, கண் இருக்கவேண்டிய இடத்தில் குழி. பார்த்தவனுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. வேலை விட்டு அச்சங்குளம் கம்பெனி கேட்டிலிருந்து வரும் சனமும் இப்படித்தானே வரும்! அந்தச் சனத்தை அதே மாதிரி வரைந்து, நடுவில் அக்காவை நிறுத்திவிட வேண்டும். அம்மா அடையாளம் கண்டுவிட்டால் போதும்.

மதுரைக்குப் போய் கேன்வாசும் ஆயில் பெயிண்டும் வாங்கிவந்தான். மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு. அச்சாபீசில் இந்த நாலில் உலகமே வந்துவிடும். வெள்ளைக்குத் தாளின் வெள்ளையே இருக்கிறது. அந்தப் பழக்கத்தில் வெள்ளை டியூப்பை அவன் கை தொடவே இல்லை.

அவன் மிஷின் வழக்கப்படி முதலில் மஞ்சளை எங்கும் பூசினான். அக்கா முகத்துக்கு மட்டும் கை வரவில்லை. அந்த இடத்தைப் பிறகு பார்க்கலாம் என்று வெள்ளைக் கேன்வாஸ் துணியாகவே விட்டு, வாயைப் பொத்திய கையை மட்டும் வரைந்தான். சிவப்பும் நீலமும் ஏற ஏற, கூட்டம் நெருக்கியடித்து எழுந்து வந்தது. கடைசியில் அக்கா முகத்துக்கு வந்தபோதுதான் விசயம் விளங்கிற்று. தட்டில் எதைக் கலந்தாலும் கூட்டத்தின் இருட்டுதான் வந்தது. வெளுக்கவைக்க வெள்ளை இல்லை; முகம் வெறுமையாகவே நின்றது.

"நாலு வாங்குன மனுசனுக்கு அஞ்சாவது ஞாபகமில்லயாக்கும்" என்றாள் மனைவி முத்துமாரி. "பேய் ஓட்டத்தான் ஆகும் இந்தப் படம். நாளைக்கு அத்தை வாறாக, மூடி வைங்க."

மூடத் துணி தேடுவதற்குள் மறுநாள் வள்ளித்தாய் வந்து படத்துக்கு நேரே நின்றுவிட்டாள்.

"இது நம்ம கருப்பணன்லா? தோளச் சாச்சு நடக்கான். பின்னால அவன் பொண்டாட்டி. எம்புட்டு வீம்பா வாறா பாரு."

கண்ணும் மூக்கும் இல்லாத உருவங்களை, உறவுமுறை சொல்லி ஒவ்வொன்றாகக் கூப்பிட்டாள். விரல் அந்த வெற்றிடத்தின் முன் நின்றது.

"ஏலே, எல்லாரையும் இருட்டுல விட்டுட்டு அக்காள மட்டும் வெயில்ல நிப்பாட்டிருக்கியே."

"மொகம் இன்னும் வரையலம்மா. வெள்ளை இல்ல. வாங்கியாந்து..."

"ஒண்ணும் வாங்காத. அவ சிரிக்கா. கைக்குப் பின்னால தெரியலயா ஒனக்கு?"

முத்துமாரி அடுப்பை விட்டு வந்து எட்டிப் பார்த்தாள். லென்ஸ் வைத்து அச்சின் மைப்புள்ளி பார்க்கும் செல்லச்சாமியின் கண்ணுக்கு அங்கே வெறும் துணிதான் இருந்தது. அம்மாவின் தோளோடு ஒட்டி நின்று, அவள் பார்த்த இடத்தையே பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"ஒடஞ்ச பல்லும் தெரியுதாம்மா?"

"பின்னே? அதுக்குத்தானலே அவ பொத்துதா."