ஒரு பக்கம் மட்டும் ஓடிய பென்சில்

“பென்சில்” என்ற பேரை நான் முதலில் கேட்டது தங்கை வாயால்தான். “அக்கா, உன் மகளைக் கொஞ்சம் கண்டிச்சு வை. தொட்டில்ல கிடக்கிற குழந்தையைக்கூட விட மாட்டேங்கறா, பென்சிலைத் தூக்கிட்டு அது முகத்துக்கு முன்னாடி போயிடறா” என்றாள். தன் மகளைத்தான் அப்படிச் சொன்னாள்; தங்கை மகள் எனக்கும் மகள்தானே. அன்றிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் அவள் பென்சில்.

எதிரே யார் உட்கார்ந்தாலும் கைப்பையிலிருந்து கடித்த மஞ்சள் பென்சில் வெளியே வரும். நம் முகத்துக்கு முன்னால் மெதுவாக நகர்த்துவாள். நம்மைக் கேட்காமலே நம் கண் அதன் பின்னால் போகும். பெரிய மாமா ஒருமுறை கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

“மாமா, என் குரங்குங்ககூட இப்படி முரண்டு பண்றதில்ல.”

“அதுங்களுக்குப் பழச்சாறு ஊத்தறே. எனக்கு என்ன ஊத்தினே?”

மூளை ஆராய்ச்சிக்கூடத்தில் குரங்குகளின் கண்ணைப் பார்ப்பதுதான் அவள் உத்தியோகம். திரையில் புள்ளிகள் சிதறி ஓடுமாம். ஒவ்வொன்றும் ஒரு போக்கில் போனாலும், மொத்தக் கூட்டமும் எந்தப் பக்கம் நகர்கிறது என்று மூளை கூட்டிப் பார்த்து, கண்ணை அந்தப் பக்கம் அனுப்புமாம். பஸ்ஸில் ஏறினால்கூட ஜன்னலுக்கு வெளியே பார்க்க மாட்டாள். வெளியே பார்ப்பவர்களின் கண்ணைப் பார்ப்பாள். எத்தனையோ பேரிடம் முறைப்பு வாங்கியிருக்கிறாள்.

தங்கை வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சும் போனது. பொறுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். சக்கரம் வைத்த கட்டிலில் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மகள் ஓடி வந்தாள். அன்றே திரும்ப வேண்டிய வேலை. தோளில் மாட்டிய பையோடு அப்பா முன்னால் பென்சிலை ஓட்டினாள். கண் அசையவில்லை. மறுபடியும் அதே பக்கமாக ஓட்டினாள். “அப்பாவுக்கு ஒண்ணும் பிடிபடலம்மா. தொந்தரவு பண்ணாதீங்க.”

டாக்டரைவிட அவளைத்தான் நம்பினோம். அவர் வழக்கமாகக் கேட்கும் ரேடியோ அடுப்படிக்குப் போனது. பேசாமல் இருக்க முடியாத என் தங்கை அந்த அறையில் மட்டும் வாயை மூடிக்கொண்டாள். பார்க்க வந்தவர்கள் கட்டிலருகே நின்றே, “இழுத்துக்கிட்டுக் கிடக்காம போயிட்டா நல்லது” என்றார்கள். மாதங்கள் அப்படியே போயின.

ஒருநாள் தங்கை போனில் மகளிடம் குறைப்பட்டுக்கொண்டாள். “உங்கப்பா அழுத்தக்காரர்டி. நான் உள்ள வந்தா கண்ணு கூடவே வருது. வெளிய போனா ஏறெடுத்தும் பாக்க மாட்டேங்கறார். என் மேல என்ன கோபமோ!”

மகள் அதையே இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள். பிறகு, “அம்மா, ரேடியோவைத் திருப்பி அங்க வை. நான் வரேன்.”

வந்தாள். இம்முறை பென்சில் எதிர்ப்பக்கமாக ஓடியது. அப்பாவின் கண் கடைசி வரைக்கும் கூடவே வந்தது. அவள் பென்சிலைப் பையில் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“குரங்குக்கு ரெண்டு பக்கமும் காட்டுவேன் பெரியம்மா. மூளையில அசைவைக் கூட்டிப் பாக்கற இடத்துல அடிபட்டா ஒரு பக்கமாப் போறதை மட்டும் கண்ணு துரத்தாதுன்னு ஊருக்கெல்லாம் சொல்றவ நான். அப்பாவுக்கு ஒரு பக்கம்தான் காட்டினேன். ரயிலுக்கு நேரமாச்சுன்னு.”

“மெதுவாப் பேசுடி,” என்றாள் தங்கை. “அவர் கேட்டுட்டிருக்கார்.”

இப்போது அவள் யார் முன்னாலும் பென்சிலை எடுப்பதில்லை. பேர் மட்டும் நின்றுவிட்டது. வாரக் கடைசியில் வருகிறாள். அப்பாவிடம் ஓயாமல் பேசுகிறாள், பதில் வராது. கிளம்பும் நேரம் கட்டிலின் பூட்டை விடுவித்து, தலைமாடு கால்மாடாகத் திருப்பிப் போடுவாள். அப்படிப் போட்டால், வாசலை நோக்கிப் போவதுதான் அவர் கண் துரத்தும் பக்கம். பிறகு நிதானமாக நடப்பாள். நிலைப்படி வரைக்கும் அந்தக் கண் அவளோடு போகும்.

இன்றும் அப்படித்தான் போனாள். இந்நேரம் ரயிலில் இருப்பாள்.