நாங்கள் வேண்டாம் என்று ஜெபித்த மேகம்

இதைச் சாட்சியாகச் சொல்லலாமா என்று ஏறக்குறைய ஒரு வருடம் யோசித்தேன். மூன்று முறை எழுதினேன், மூன்று முறையும் அழித்தேன். என் தவறை விட்டுவிட்டுக் கர்த்தர் செய்ததை மட்டும் சொல்ல முடிந்தால் நன்றாக இருந்திருக்கும். அப்படிச் சொல்ல வழியில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பொறுமையோடு வாசியுங்கள்.

போன வருடக் கிறிஸ்துமஸுக்கு மலேசியாவின் ஈப்போ நகரில் எங்கள் சபை ஒரு புதிய காரியம் செய்ய முடிவெடுத்தது. சபைக்குப் பக்கத்திலுள்ள திடலில், நிஜ மனிதர்களும் நிஜ ஆடுமாடுகளுமாக, கிறிஸ்து பிறப்பைத் திறந்தவெளிக் காட்சியாக நடத்துவது. சாலையில் போகிறவர்களும் நின்று பார்க்கலாம். நான் அலுவலகத்தில் நிகழ்ச்சிகளை ஒழுங்குசெய்யும் வேலை பார்த்தவள் என்பதால் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். என் மகன் ஜோயலுக்கு அப்போது ஆறு மாதம். முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். மறுத்தால் கர்த்தருக்கே மறுத்ததாகுமோ என்று பயந்து சரி என்றேன்.

அந்த நாட்களின் களைப்பைத் தூக்கமின்மை என்று மட்டும் சொல்ல முடியாது. ஜோயல் தூங்கினாலும் நான் எழுந்து அவன் மூச்சைப் பார்ப்பேன். படுத்த பிறகு, சரியாகப் பார்த்தேனா என்ற சந்தேகத்தில் மறுபடியும் எழுவேன். பகலில் மேய்ப்பர்களின் அங்கி, விளக்கு, நாற்காலி, அனுமதிக் கடிதம். ஒருநாள் அரிசியைக் களைந்து, தண்ணீர் ஊற்றாமலேயே குக்கரைப் போட்டுவிட்டேன். வீட்டில் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். உள்ளுக்குள் பயமாக இருந்தது.

மழை வேறு விடவில்லை. வருடக் கடைசியில் எங்கள் பக்கம் எப்போது இருட்டும் என்று சொல்ல முடியாது. திடல் சேறாகிக் கிடந்தது. மழை விலக வேண்டும் என்று சபையார் வாட்சாப் குழுவில் முறை போட்டு ஜெபித்தோம். தினமும் காலை பதினொரு மணிக்கு ஒருவர்.

டிசம்பர் முதல் சனிக்கிழமை என் முறை. அன்று மதியம் திடலில் தொழுவம் கட்ட ஆட்கள் வருவதாக இருந்தது. அதற்கு முன் நான் தஞ்சோங் ரம்புத்தான் பக்கம் ஒரு பழைய தோட்டத்துக்கு மாடு பார்க்கப் போக வேண்டும். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தொழிலாளர் குடியிருந்த லயங்களும் இடிந்து, நாலைந்து குடும்பங்கள் மட்டும் மாடு வளர்த்துக்கொண்டு இருக்கும் இடம். தஞ்சோங் ரம்புத்தான் என்று சொன்னாலே எங்கள் பேராக் மாநிலத்தில் எல்லாருக்கும் மனநல மருத்துவமனைதான் நினைவுக்கு வரும். வேலைக்குக் கிளம்பிய கொழுந்தனார் என்னைப் பார்த்து, “என்ன அண்ணி, மாடு பாக்கப் போறீங்களா, இல்ல உங்களுக்குக் கட்டில் பாக்கப் போறீங்களா லா?” என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். “ஆண்டவரே, என்னால் முடியவில்லை. யாரிடமும் சொல்லவும் முடியவில்லை. நீரே ஏதாவது செய்யும்” என்று ஜெபித்தேன். ஒரு நிமிடம்கூட இருக்காது.

சனிக்கிழமைகளில் ஜோயலை மாமியார் பார்த்துக்கொள்வார். அன்று மட்டும் அவர் காலை பஸ்ஸில் சிலிம் ரிவருக்கு, தம் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். கணவருக்குத் தொழிற்சாலையில் வேலை. அதனால் ஜோயலையும் கூட்டிக்கொண்டு போனேன். என் இருக்கைக்கு நேர் பின்னால், பின்பக்கம் பார்த்தபடி வைக்கும் குழந்தை நாற்காலியில் அவன். புறப்பட்ட ஐந்து நிமிடத்தில் தூங்கிவிட்டான். சத்தமே இல்லை. வழியெல்லாம் என் தலைக்குள் தொழுவமும் விளக்கும்தான்.

தோட்டத்தில் காரை வெட்டவெளியில் நிறுத்தினேன். நல்ல வெயில். நிகழ்ச்சிக் குறிப்புகள் இருந்த கோப்பை எடுத்துக்கொண்டு, கதவைப் பூட்டிவிட்டு, மாட்டுக் கொட்டகைக்கு நடந்தேன்.

இந்த ஒரு வரியை எழுதத்தான் ஒரு வருடம் ஆனது.

மாடு வளர்க்கும் அண்ணனும் அவர் மனைவி சாந்தி அக்காவும் அன்பாக வரவேற்றார்கள். அவர்கள் இந்துக்கள். சாமி காரியம்தானே, மாட்டைத் தருகிறோம் என்று முன்பே போனில் சொல்லியிருந்தார்கள். சாதுவான ஒரு சிவப்புப் பசுவைக் காட்டினார்கள். மாடு விளக்கு வெளிச்சத்துக்கு மிரளுமா, எத்தனை மணி நேரம் நிற்கும், லாரியில் ஏறுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டேன். அதற்குள் வானம் இருட்டியது. மலைப்பக்கமிருந்து கறுத்த மேகம் வந்து வெயிலை முழுவதும் மூடிவிட்டது. மணி பார்த்தேன், பதினொன்று. என் ஜெப முறை. நின்ற இடத்திலேயே கண்ணை மூடி, இந்த மேகத்தை விலக்கும் ஆண்டவரே என்று மன்றாடினேன். மேகம் விலகவில்லை. எனக்கு மனச்சோர்வாகக்கூட இருந்தது.

அப்போது மார்பில் பால் சுரந்து சட்டை நனைந்தது. வெட்கப்பட்டுக் கோப்பால் மறைத்துக்கொண்டு பேச்சைத் தொடர்ந்தேன். தினமும் மாடு கறக்கிற சாந்தி அக்காவின் கண்ணிலிருந்து அது தப்பவில்லை. என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்.

“பால் கசியுது பாரும்மா. புள்ளைக்குப் பசி நேரம் போல. யாருகிட்ட விட்டுட்டு வந்த?”

“மாமியார்கிட்ட இருக்கான் அக்கா.”

சொல்லி முடிக்கும்போதே மாமியார் சிலிம் ரிவருக்குப் போனது நினைவுக்கு வந்தது.

ஓடியது நினைவில் இல்லை. சாவி கையில் நிற்காமல் இரண்டு தடவை கீழே விழுந்ததும், அக்கா அதை எடுத்துக் கதவைத் திறந்ததும் நினைவிருக்கிறது. ஜோயலின் முகம் சிவந்து, தலைமுடி நனைந்து ஒட்டியிருந்தது. கண் மூடியிருந்தான். தூக்கியபோது தலை என் தோளில் துவண்டது. அக்கா தன் தோள் துண்டைத் தண்ணீரில் நனைத்து அவன் கழுத்திலும் காலிலும் ஒற்றினார். நான் இயேசுவே என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அக்கா முருகா என்றார். பிறகு அவன் அழுதான். அந்த அழுகைக்காக இன்றும் கர்த்தரைத் துதிக்கிறேன்.

அண்ணன்தான் எங்கள் காரைக் கிளினிக்குக்கு ஓட்டினார். டாக்டர் சோதித்துவிட்டு, உடம்புச் சூடு கொஞ்சம்தான் ஏறியிருக்கிறது, பால் கொடுங்கள், ஆபத்தில்லை என்றார். எவ்வளவு நேரம் என்று கேட்டார். இருபது நிமிடத்துக்கு மேல் என்றேன். வெயில் அடித்துக்கொண்டே இருந்திருந்தால் என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அந்த மேகத்தைத்தான் நான் விலகச் சொல்லியிருந்தேன். சபை முழுவதும் வேண்டாம் என்று கேட்டிருந்த மேகம் அது. என்னால் முடியவில்லை என்று காலையில் ஒரு நிமிடம் அழுததைக் கேட்ட கர்த்தர், பதினொரு மணிக்கு நான் செய்த ஜெபத்துக்குச் செவிகொடுக்கவில்லை. இரண்டுக்கும் நன்றி சொல்கிறேன்.

கிளினிக்கில் சாந்தி அக்கா என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். என்னைத் திட்டவில்லை. “உதவிக்குக் கூப்பிட உனக்கு ஆளே இல்லையாம்மா?” என்று மட்டும் கேட்டார். இருக்கிறார்கள், நான்தான் கூப்பிடவில்லை என்றேன்.

மாலையில் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். மகனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டவர், “ஒரே வீட்டுல இருக்கேன், நானும் உன்ன பாக்கலையே” என்றார்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் நிகழ்ச்சிக் கோப்பைப் பாஸ்டரம்மாவிடம் கொடுத்து, நடந்ததைச் சொல்லி, இனி என்னால் முடியாது என்றேன். மனிதர் முன்னால் என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது அதுவே முதல் தடவை. அவர் கண் கலங்கியது. “உன் திறமைய பாத்தோம்மா. உன் முகத்த பாக்காம விட்டுட்டோம்” என்றார். என் வேலையை நான்கு பேர் பிரித்துக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் அரசாங்கக் கிளினிக்கில் தாதியிடம் தூக்கத்தைப் பற்றியும் பயத்தைப் பற்றியும் மறைக்காமல் சொன்னேன். பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வு என்றார் அங்கிருந்த டாக்டர். நான் பயந்ததுபோல் யாரும் என்னை எங்கும் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. மாத்திரை கொடுத்தார்கள், பேசச் சொன்னார்கள், தூங்கச் சொன்னார்கள். ஜெபத்தையும் விடவில்லை, மாத்திரையையும் விடவில்லை.

கிறிஸ்து பிறப்புக் காட்சி நடந்தது. தூறலில்தான் நடந்தது. மக்கள் குடை பிடித்து நின்றார்கள். நெற்றியில் குங்குமத்தோடு சாந்தி அக்கா தொழுவத்தில் மாட்டுக் கயிற்றைப் பிடித்து நின்றார். நான் மகனோடு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். வேறு எதுவும் செய்யவில்லை.

இதே தவறு நடந்து, பிள்ளையை இழந்த தாய்மார் இருக்கிறார்கள். அவர்களுக்கு மேகம் வரவில்லை. என் பிள்ளை ஏன் தப்பினான் என்று எனக்குத் தெரியாது. என் விசுவாசத்தினால் என்று சொல்ல மாட்டேன். கர்த்தருடைய இரக்கம் என்று மட்டும் சொல்ல முடியும்.

இதை வாசிக்கிற தாயே, உன்னால் முடியவில்லை என்றால் அதையே ஜெபமாகச் சொல். அழகான வார்த்தைகள் வேண்டாம். அவர் கேட்கிறார். அவரிடம் சொல்லிவிட்டு உன் வீட்டாரிடமும் சொல். அவர் யாரை அனுப்புவார் என்று உனக்குத் தெரியாது.

ஜோயல் இப்போது நடக்கிறான். போன ஞாயிறு ஆராதனையில் பிரசங்கம் தொடங்கும் முன்பே என் மடியில் தூங்கிப்போனான். கை மரத்துவிட்டது. பக்கத்திலிருந்த மாமியார், கொடு என்று கையை நீட்டினார். கொடுத்தேன்.